லெக்சிங்டன் முதல் கடலூர் வரை: அமெரிக்க விடுதலைப் போரின் தரைப்போர்களும் கடற்போர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் போர் எதனால் மூண்டது?

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரான்சை வென்ற பிரிட்டன், அந்த வெற்றிக்காகப் பெரும் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டது. 1760இல் நடந்த வந்தவாசிப் போரும் அடுத்த ஆண்டு நேர்ந்த புதுச்சேரியின் வீழ்ச்சியும் அதே போரின் பகுதிகள்தாம். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரிட்டனுக்கு 13 குடியேற்றங்கள் இருந்தன. அங்கு நிறுத்தியிருந்த படைகளின் செலவில் ஒரு பங்கை அந்த மக்களிடமே வரியாகத் தண்ட லண்டன் நாடாளுமன்றம் முற்பட்டது. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட அமராத மன்றத்திற்குத் தங்கள்மீது வரி விதிக்கும் உரிமை இல்லை என்று குடியேற்றத்தார் மறுத்தனர். 1765ஆம் ஆண்டின் முத்திரை வரியில் தொடங்கிய இந்தப் பிணக்கு, 1773 டிசம்பர் 16 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைப் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டும் அளவுக்கு முற்றியது. லண்டன் அந்தத் துறைமுகத்தையே மூடித் தண்டித்தது. அதன்பின் இரு தரப்பும் வெடிமருந்தைச் சேர்க்கத் தொடங்கின.

முதல் மோதல் எங்கே நடந்தது?

1775 ஏப்ரல் 19 அன்று, பாஸ்டனுக்கு வடமேற்கே உள்ள லெக்சிங்டன், கான்கார்டு ஆகிய ஊர்களில் நடந்தது. கான்கார்டில் பதுக்கி வைக்கப்பட்டிருந்த ஆயுதங்களைக் கைப்பற்ற ஏறத்தாழ 700 பிரிட்டிஷ் வீரர்கள் இரவோடிரவாகப் புறப்பட்டனர். விடியும் வேளையில் லெக்சிங்டன் ஊர்ப் பொதுத்திடலில் உள்ளூர்க் குடிப்படையினர் எழுபதுக்குச் சற்று மேற்பட்டோர் எதிரே நின்றனர். முதலில் சுட்டவர் யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. அங்கே குடிப்படையினர் எட்டுப் பேர் மாண்டனர். ஆனால் பிரிட்டிஷார் பாஸ்டனுக்குத் திரும்பிய வழி நெடுகிலும், கல்வேலிகளின் பின்னாலும் மரங்களின் மறைவிலும் இருந்து உழவர்கள் அவர்களைச் சுட்டுக்கொண்டே வந்தனர். அன்று மாலைக்குள் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் பிரிட்டிஷார் இழந்தவர்கள் 273 பேர்.

பங்கர் ஹில் போரில் வென்றவர் யார்?

களம் பிரிட்டிஷார் வசமாயிற்று என்பதால் வெற்றி அவர்களுடையது. ஆயினும் இன்னொரு முறை அப்படி வெல்ல அவர்களால் இயலாது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. 1775 ஜூன் 17 அன்று நடந்த இந்தப் போரின் பெரும்பகுதி, பெயருக்குரிய பங்கர் குன்றில் அன்றி, அதற்கு முன்னிருந்த பிரீட் குன்றில்தான் நடந்தது. செங்குத்தான புல்வெளியில் அணிவகுத்து ஏறிய பிரிட்டிஷ் படை இரு முறை சிதறியது. மூன்றாம் முறை ஏறியபோது அமெரிக்கரின் வெடிமருந்து தீர்ந்துபோயிருந்தது. அந்தக் குன்றின் விலை, மாண்டவரும் காயமுற்றவருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள். அமெரிக்கர் தரப்பில் இழப்பு ஏறத்தாழ 450.

அப்படியானால் பாஸ்டனை விட்டு பிரிட்டிஷார் ஏன் வெளியேறினர்?

பீரங்கிகளால். ஹென்றி நாக்ஸ் என்ற இளம் புத்தக வணிகர், ஷாம்ப்ளேன் ஏரிக்கரையிலிருந்த டைகாண்டெரோகா கோட்டையிலிருந்து ஏறத்தாழ 60 டன் எடையுள்ள பீரங்கிகளைப் படகிலும், பின்னர் எருதுகள் இழுத்த பனிச்சறுக்கு வண்டிகளிலும் ஏற்றி, கடுங்குளிரில் ஏறத்தாழ 300 மைல் தொலைவு கொண்டுவந்து சேர்த்தார். 1776 மார்ச் 4ஆம் நாள் இரவில் அவை டார்செஸ்டர் மேட்டில் ஏற்றப்பட்டன. துறைமுகத்தில் நின்ற ஒவ்வொரு கப்பலும் அந்த மேட்டின் குண்டு எட்டும் தொலைவில் இருந்தது. கப்பல்கள் நிற்க முடியாத துறைமுகத்தில் படை நிற்க முடியாது என்பதால், மார்ச் 17 அன்று பிரிட்டிஷார் நகரைக் காலி செய்து கடல்வழியே கிளம்பினர்.

இந்தப் போரைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்ச்சியையே திறவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. சாலைகள் குறைந்த, ஆறுகளும் விரிகுடாக்களும் நிறைந்த அந்த நிலத்தில் ஒரு படையின் உயிர் அதன் துறைமுகத்தில் இருந்தது. எட்டாண்டு நீடித்த இப்போரில் தரையில் நடந்தவற்றுக்கான காரணத்தைப் பல வேளைகளில் தண்ணீரில்தான் தேட வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கில் தோற்ற பிறகும் வாஷிங்டனின் படை எவ்வாறு தப்பியது?

1776 ஜூலை 4 அன்று சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. அதே கோடையில் நியூயார்க் துறைமுகம் பிரிட்டிஷ் பாய்மரங்களால் நிறைந்தது. ஆகஸ்ட் 27 அன்று லாங் தீவில் நடந்த போரில், காவலின்றி விடப்பட்டிருந்த ஜமைக்கா கணவாய் வழியாக ஜெனரல் ஹோவின் படை சுற்றிவந்து அமெரிக்கரைப் பின்புறமிருந்து தாக்கியது. தோற்ற வாஷிங்டன், புரூக்ளின் மேட்டில் முதுகுக்குப் பின்னே ஆறும் முகத்துக்கு முன்னே எதிரியுமாகச் சிக்கினார். வடகிழக்குக் காற்று மட்டும் அவருக்குத் துணைநின்றது. அந்தக் காற்றை எதிர்த்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களால் கிழக்கு ஆற்றுக்குள் ஏறிவர முடியவில்லை.

ஆகஸ்ட் 29 இரவு அவர் படையை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் ஊரைச் சேர்ந்த மீனவர்களும் கடலோடிகளும் நிறைந்த ஜான் குளோவரின் படைப்பிரிவு படகுகளை ஏற்றது. துடுப்புகளில் ஓசை எழாதபடி துணி சுற்றப்பட்டது. யாரும் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது என்று உத்தரவு. முகாமில் ஆள் இருப்பதாக எதிரி நம்ப வேண்டுமென்று, கடைசிப் பிரிவினர் தீயை அணையவிடாமல் காத்துக்கொண்டிருந்தனர். இரவு முழுவதும் படகுகள் போவதும் வருவதுமாக இருந்தும் விடியும்போது கரையில் இன்னும் ஆட்கள் எஞ்சியிருந்தனர். அந்நேரம் பார்த்து அடர்ந்த மூடுபனி இறங்கியது. அதன் மறைவில் எஞ்சியோரும் கடந்தனர். கடைசியாகப் படகேறியவர்களில் வாஷிங்டனும் ஒருவர். ஏறத்தாழ 9,000 பேர் இவ்வாறு தப்பினர். அந்தப் படை அன்று பிடிபட்டிருந்தால் பிரகடனத்துக்கு இரண்டு மாத ஆயுள்கூட இருந்திருக்காது. வாஷிங்டன் வென்ற எந்தப் போரையும்விட இந்தப் பின்வாங்கலையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

டிரென்டன் போர் சிறியது என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு புகழ்?

அளவில் சிறியதுதான். நவம்பரில் வாஷிங்டன் கோட்டை விழுந்து ஏறத்தாழ 2,800 பேர் சிறைப்பட்டிருந்தனர்; எஞ்சிய வீரர்களில் பலருடைய ஒப்பந்தம் டிசம்பர் 31 அன்று முடிய இருந்தது. படையே கரைந்துபோகும் நிலையில், கிறிஸ்துமஸ் இரவில் 2,400 பேருடன் பனிக்கட்டிகள் மிதந்த டெலவேர் ஆற்றை வாஷிங்டன் கடந்தார். படகோட்டியவர்கள் அதே மார்பிள்ஹெட் கடலோடிகள். மறுநாள் காலை டிரென்டனில், பிரிட்டன் கூலிக்கு அமர்த்தியிருந்த ஜெர்மானிய ஹெஸ்ஸியன் வீரர்கள் ஏறத்தாழ 900 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். அவர்களின் தளபதி ரால் காயமுற்று இறந்தார். 1777 ஜனவரி 3 அன்று பிரின்ஸ்டனிலும் வெற்றி கிட்டியது. படையில் தொடர்வதற்கு வீரர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

நன்னீர் ஏரியில் ஒரு கப்பற்போர் நடந்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மை. கனடாவிலிருந்து தெற்கே இறங்க பிரிட்டிஷாருக்கு ஷாம்ப்ளேன் ஏரியே சாலை. அதைத் தடுக்க, பெனடிக்ட் ஆர்னால்டின் பொறுப்பில் பச்சை மரத்தில் அவசரமாகக் கட்டிய சிறு கப்பல்கள் ஏரியில் இறக்கப்பட்டன. 1776 அக்டோபர் 11 அன்று வால்கூர் தீவின் அருகே நடந்த போரிலும் அதை அடுத்த நாட்களிலும் அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. ஆனால் அவற்றுக்கு ஈடாகப் பிரிட்டிஷாரும் கப்பல் கட்ட நேர்ந்ததில் கோடை கழிந்து குளிர்காலம் நெருங்கிவிட்டது. அவர்கள் கனடாவுக்கே திரும்பினர். அவர்களின் படையெடுப்பு ஓராண்டு தள்ளிப்போனது. மறு ஆண்டு அவர்கள் வந்தபோது சரட்டோகா காத்திருந்தது. இதே ஆர்னால்டு 1780இல் பிரிட்டிஷார் பக்கம் தாவியதால் அவர் பெயர் அமெரிக்காவில் துரோகத்தின் மறுபெயராகிவிட்டது. எனினும் இந்த ஏரிப்போரில் அவர் செய்த பணியைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

சரட்டோகாவைத் திருப்புமுனை என்பது ஏன்?

1777 கோடையில் ஜெனரல் பர்காய்ன் ஏறத்தாழ 8,000 பேருடன் கனடாவிலிருந்து ஹட்சன் ஆற்றை நோக்கி இறங்கினார். டைகாண்டெரோகா கோட்டை ஜூலையில் எளிதாகவே அவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு காடு. அமெரிக்கர்கள் வழியெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாலங்களை உடைத்துவிட்டுப் போனதால் நாளுக்கு ஒரு மைல் என்ற அளவில் அவருடைய படை ஊர்ந்தது. உணவும் குதிரைகளும் தேடி அவர் அனுப்பிய பிரிவு ஆகஸ்ட் 16 அன்று பென்னிங்டன் அருகே அழிந்தது. நியூயார்க்கிலிருந்து வடக்கே வந்து கைகொடுத்திருக்கக்கூடிய ஜெனரல் ஹோவோ, தம் பெரும் படையைக் கப்பலேற்றி, நேர் எதிர்த்திசையில் பிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் பிராண்டிவைனில் வென்று அந்நகரைப் பிடித்தார் என்பது உண்மையே. ஆனால் காட்டுக்குள் சிக்கிய சக தளபதிக்கு அதனால் எந்தப் பயனும் விளையவில்லை.

ஹட்சன் ஆற்றை ஒட்டிய பெமிஸ் மேட்டில் போலந்துப் பொறியாளர் கோசியுஸ்கோ அமைத்த அரண்களின் பின்னே ஹோரேஷியோ கேட்ஸின் படை நின்றது. செப்டம்பர் 19, அக்டோபர் 7 ஆகிய இரு நாட்களில் நடந்த போர்களில் பர்காய்னின் படை நொறுங்கியது. அக்டோபர் 17 அன்று ஏறத்தாழ 5,800 பேருடன் அவர் சரணடைந்தார். அமெரிக்கருக்கு மறைவாக மட்டும் உதவிவந்த பிரான்ஸ், இந்தச் செய்தி கிட்டிய பின் 1778 பிப்ரவரி 6 அன்று வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது. 1779இல் ஸ்பெயினும் போரில் இறங்கியது. 1780 இறுதியில் டச்சுக்காரர்மீது பிரிட்டனே போர் அறிவித்தது. அதுவரை ஒரு கரையோரக் கலகத்தை அடக்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படை, இனி ஆங்கிலக் கால்வாய், மேற்கிந்தியத் தீவுகள், ஜிப்ரால்டர், சோழமண்டலக் கரை என எல்லாத் திசைகளுக்கும் கப்பல்களைப் பங்கிட வேண்டியதாயிற்று.

அமெரிக்கர்களிடம் சொந்தக் கடற்படை இருந்ததா?

1775 அக்டோபர் 13 அன்று, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய மாநாட்டின் தீர்மானத்தால் ஒரு கடற்படை தோற்றுவிக்கப்பட்டது. பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுடன் அணிக்கு அணி நின்று மோதும் வலிமை அதற்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. 1779இல் பெனாப்ஸ்காட் விரிகுடாவுக்குச் சென்ற அமெரிக்கக் கப்பற்படை முழுவதுமாக அழிந்தது. அமெரிக்கர்கள் கடலில் செய்த பெரிய சேதம், அரசிடம் உரிமப் பத்திரம் பெற்று எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடித்த தனியார் கப்பல்களால் விளைந்ததே.

இதற்கு விதிவிலக்காக நிலைத்துவிட்ட பெயர் ஜான் பால் ஜோன்ஸ். பழைய பிரெஞ்சு வணிகக் கப்பலொன்றில் பீரங்கி பூட்டி ‘போனோம் ரிச்சர்டு’ என்று பெயரிட்டு, 1779 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஃபிளாம்பரோ முனைக்கு அருகே ‘செராபிஸ்’ என்ற புதிய போர்க்கப்பலுடன் அவர் மோதினார். மோதலின் தொடக்கத்திலேயே அவருடைய கனரகப் பீரங்கிகளில் இரண்டு வெடித்துச் சிதறி, அருகில் நின்றவர்களைக் கொன்றன. தொலைவில் நின்று சுட்டால் தோல்வி உறுதி என்று கண்ட ஜோன்ஸ், எதிரிக் கப்பலோடு தம் கப்பலை ஒட்டிக் கயிற்றால் பிணைத்துவிட்டார். நிலவொளியில் இரு கப்பல்களும் ஒன்றன் பீரங்கி வாய் மற்றதன் உடலில் உரசும் நெருக்கத்தில் சுட்டுக்கொண்டன. பாய்மரக் குறுக்குத்தண்டில் ஊர்ந்துசென்ற ஓர் அமெரிக்க மாலுமி வீசிய கையெறி குண்டு, செராபிஸின் கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த வெடிமருந்தைப் பற்றவைத்தது. கேப்டன் பியர்சன் கொடியை இறக்கினார். வென்றவரின் கப்பலோ இரண்டு நாளில் மூழ்கிவிட்டது. ஜோன்ஸ் தாம் பிடித்த கப்பலிலேயே ஹாலந்தின் டெக்ஸல் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். பியர்சனையும் குறைத்து மதிப்பதற்கில்லை. அவர் பாதுகாத்து வந்த வணிகக் கப்பல்கள் அந்த நேரத்துக்குள் தப்பிவிட்டன.

போர் தெற்கே திரும்பியது எப்படி?

வடக்கில் முடங்கிய பிரிட்டன், தன்மேல் விசுவாசமுள்ளோர் தெற்கில் மிகுதி என்று நம்பியது. 1778 டிசம்பரில் சவானா விழுந்தது. 1780 மே 12 அன்று சார்ல்ஸ்டன் நகரம் 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுடன் சரணடைந்தது. இந்தப் போரில் அமெரிக்கருக்கு நேர்ந்த மிகப் பெரிய சரணாகதி இதுவே. ஆகஸ்டில் கேம்டனில் கேட்ஸ் படுதோல்வியுற்றார். ஆயினும் அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மலையிலும், 1781 ஜனவரி 17 அன்று கௌபென்ஸ் புல்வெளியிலும் பிரிட்டிஷார் தோற்றனர். கிங்ஸ் மலையில் இரு தரப்பிலும் போரிட்டவர்கள் ஏறக்குறைய அனைவரும் அமெரிக்கர்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இது விடுதலைப் போர் மட்டுமன்று, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கொன்ற உள்நாட்டுப் போரும்கூட. மார்ச் 15 அன்று கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் வென்றார். அந்த வெற்றியில் தம் படையின் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தார். களைத்த படையுடன் வர்ஜீனியாவுக்கு நகர்ந்து, கப்பல்கள் வந்து உதவும் என்ற நம்பிக்கையில் யார்க்டவுன் துறையில் அரண் அமைத்தார்.

செசபீக் கடற்போர் உண்மையில் அவ்வளவு முக்கியமானதா?

முக்கியமானது. அமெரிக்க விடுதலையை உறுதிசெய்த ஒரே ஒரு போரைச் சொல்ல வேண்டுமெனில் நான் இதைத்தான் சொல்வேன். அதில் ஓர் அமெரிக்கக் கப்பல்கூடக் கலந்துகொள்ளவில்லை.

பிரெஞ்சு அட்மிரல் டி கிராஸ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 3,000க்கும் மேற்பட்ட வீரர்களையும், ஹவானாவில் திரட்டிய பணத்தையும் ஏற்றிக்கொண்டு செசபீக் விரிகுடாவின் முகத்துவாரத்தில் நங்கூரமிட்டார். 1781 செப்டம்பர் 5 காலை, அட்மிரல் கிரேவ்ஸின் 19 பெரிய போர்க்கப்பல்கள் அடிவானத்தில் தெரிந்தன. பிரெஞ்சு மாலுமிகளில் பலர் அப்போது படகுகளில் கரைக்குச் சென்றிருந்தனர். அவர்களுக்காகக் காத்திராமல், நீரோட்டம் திரும்பிய கணத்தில் நங்கூரக் கயிறுகளை அறுத்துவிட்டு 24 பிரெஞ்சுக் கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறலாக வெளிவந்தன. அணி சேராமல் வந்துகொண்டிருந்த முன்கப்பல்கள்மீது கிரேவ்ஸ் உடனே பாய்ந்திருக்கலாம். காற்றும் அவர் பக்கமே இருந்தது. அவரோ மரபுப்படி வரிசை அமைத்து, எதிரியும் வரிசைக்கு வரும்வரை பொறுத்திருந்தார்.

மாலை நான்கு மணிக்குப் பின்னரே பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. வரிசை கலையாமல் வருக என்ற கொடியும், நெருங்கித் தாக்குக என்ற கொடியும் அவருடைய கப்பலில் ஒருசேரப் பறந்தன. முன்கப்பல்கள் நெருங்கி அடிபட்டன. பின்னணியில் இருந்த அட்மிரல் ஹூட் வரிசைக் கொடியையே பின்பற்றியதால் அவருடைய கப்பல்கள் போரில் ஏறக்குறைய பங்கேற்கவே இல்லை. பொழுது சாய்ந்ததும் சண்டை நின்றது. போரில் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. கடுமையாகச் சேதமுற்ற ‘டெரிபிள்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் சில நாள் கழித்து அவர்களாலேயே அழிக்கப்பட்டது. இரு அணிகளும் சில நாட்கள் ஒன்றையொன்று பார்த்தபடி தெற்கே நகர்ந்துகொண்டிருக்க, பிரெஞ்சுத் தளபதி டி பராஸ் முற்றுகைப் பீரங்கிகளுடன் விரிகுடாவுக்குள் நுழைந்துவிட்டார். டி கிராஸும் திரும்பி வந்து வாயிலை அடைத்தார். கிரேவ்ஸ் பழுதுபார்க்க நியூயார்க் திரும்பினார்.

யார்க்டவுனில் என்ன நடந்தது?

கடல்வழி அடைபட்ட பின் எஞ்சியது கணக்கு மட்டுமே. நியூயார்க் அருகிலிருந்து விரைந்து தெற்கே இறங்கிய வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் செப்டம்பர் 28 அன்று முற்றுகையைத் தொடங்கினர். அகழிகள் ஒவ்வோர் இரவும் ஊரை நெருங்கின. அக்டோபர் 14 இரவில் 9ஆம், 10ஆம் எண் அரண்கள் துப்பாக்கிமுனைக் கத்திகளால் தாக்கிக் கைப்பற்றப்பட்டன. 9ஆம் அரணைப் பிரெஞ்சு வீரர்கள் பிடித்தனர், 10ஆம் அரணைத் தாக்கிய அமெரிக்கப் பிரிவுக்கு அலெக்சாண்டர் ஹாமில்டன் தலைமை தாங்கினார். அக்டோபர் 19 அன்று 7,000க்கும் மேற்பட்டோருடன் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. உடல்நலமில்லை என்று கார்ன்வாலிஸ் தாம் வராமல், துணைத் தளபதி ஓஹாராவை அனுப்பினார். கார்ன்வாலிஸை மீட்பதற்கான கப்பற்படை நியூயார்க்கிலிருந்து புறப்பட்டதும் அதே நாளில்தான்.

போர் அத்தோடு முடிந்துவிட்டதா?

அமெரிக்க மண்ணில் பெரும் போர்கள் ஓய்ந்தன. கடலில் ஓயவில்லை. 1782 ஏப்ரல் 12 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட்ஸ் தீவுகளுக்கு அருகே ரோட்னியின் பிரிட்டிஷ் அணி பிரெஞ்சு வரிசையை ஊடறுத்து வென்று, செசபீக்கின் நாயகரான டி கிராஸையே சிறைபிடித்தது. ஜிப்ரால்டர் கோட்டை 1779 முதல் 1783 வரை முற்றுகையைத் தாங்கி நின்றது. இதே காலத்தில் ஐந்து கடற்போர்கள் நம் கரையருகே நடந்தன.

தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் இந்தப் போருடன் என்ன தொடர்பு?

பிரான்ஸ் போரில் இறங்கிய செய்தி கிட்டியதும் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு 1778 அக்டோபரில் கைப்பற்றினர். 1780இல் மைசூரின் ஹைதர் அலி, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் பகுதிக்குள் படையெடுத்து, செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் பெய்லியின் படையை அழித்தார். டச்சுக்காரருடன் போர் மூண்டதும் ஆங்கிலேயர் 1781 நவம்பரில் நாகப்பட்டினத்தையும், 1782 ஜனவரியில் திருகோணமலையையும் அவர்களிடமிருந்து பறித்தனர். இவ்வாறு பாஸ்டன் தேயிலையில் தொடங்கிய பிணக்கும் மைசூர்ப் போரும் ஒரே கடலில் கலந்தன.

1782 தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் இங்கு வந்தார். அவரும் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்டு ஹியூஸும் பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலை 6 அன்று நாகப்பட்டினம், செப்டம்பர் 3 அன்று திருகோணமலை ஆகிய இடங்களுக்கு அப்பால் மோதினர். எந்தப் போரிலும் எத்தரப்பும் ஒரு கப்பலையும் பறிகொடுக்கவில்லை. சுஃப்ரனுக்குக் கரையில் முறையான கப்பல் பழுதுபார்க்கும் துறையே இல்லை. உடைந்த பாய்மரங்களுக்கு ஈடாகச் சிறு கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் பொருத்தினார். கடலூரில் ஹைதர் அலியைச் சந்தித்துப் பேசினார். ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையைப் பிடித்துத் தமக்கென ஒரு துறைமுகம் தேடிக்கொண்டார். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் இந்தக் கரையில் நிற்க முடியாமல் ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரன் சுமத்ராவின் ஆச்சேவுக்கும் ஒதுங்கினர். அந்த டிசம்பரில் ஹைதர் அலி மறைந்தார். போரைத் திப்பு சுல்தான் தொடர்ந்தார்.

1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை கடலூரை முற்றுகையிட்டது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இருந்தார். ஜூன் 13 அன்று அரண்களைத் தாக்கியதில் ஆங்கிலேயருக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் இழப்பு. ஸ்டூவர்ட்டுக்கு உணவும் மருந்தும் ஹியூஸின் கப்பல்கள் வழியே வந்தாக வேண்டும். ஆள்பற்றாக்குறையில் இருந்த சுஃப்ரன், கோட்டையிலிருந்து ஏறத்தாழ 1,200 வீரர்களையும் சிப்பாய்களையும் கப்பலேற்றிப் பீரங்கிகளில் நிறுத்தினார். ஜூன் 20 மாலை, 15 கப்பல்களுடன் ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்தார். செயின்ட்ஸில் டி கிராஸ் பிடிபட்டதால் அணித்தலைவர்கள் வரிசைக்கு வெளியே சிறு கப்பலில் இருந்தே போரை நடத்த வேண்டுமென்று பிரெஞ்சு மன்னர் ஆணையிட்டிருந்தார். சுஃப்ரனும் அவ்வாறே செய்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரச் சண்டைக்குப் பின், குடிநீர் குறைந்தும் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் வீழ்ந்தும் தவித்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கரையில் ஸ்டூவர்ட்டின் படை துணையின்றி நின்றது. செசபீக்கில் கார்ன்வாலிஸுக்கு நேர்ந்தது கடலூரில் இவருக்கும் நேர இருந்தது.

ஜூன் இறுதியில் சமாதானச் செய்தி வந்தது. பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்க உடன்பாட்டில் ஜனவரியிலேயே கையெழுத்திட்டிருந்தன. கடலூரின் மணலில் மாண்டவர்கள், ஐரோப்பாவில் ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட போருக்காக மாண்டனர். இவர்களில் தமிழ்நாட்டுச் சிப்பாய்களும் உண்டு என்பதை நம் வரலாற்றுப் பாடங்களில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஹைதர் அலியின் பெயரில் அமெரிக்கக் கப்பல் இருந்ததா?

இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் ‘ஹைதர் அல்லி’ என்ற கப்பல், ஜோஷுவா பார்னியின் தலைமையில் 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில், தன்னைவிட வலிய ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை வென்று பிடித்தது. ஆங்கிலேயரைக் கலங்கடித்தவர் என்ற புகழ் அவ்வளவு தொலைவுக்கு எட்டியிருந்தது.

போரில் மாண்டவர்கள் எத்தனை பேர்?

களத்தில் மாண்ட அமெரிக்கர்கள் ஏறத்தாழ 6,800 என்பது பொதுவான கணிப்பு. நோயில் மாண்டோர் அதைவிட அதிகம். அம்மையின் கொடுமையைக் கண்ட வாஷிங்டன் 1777இல் படை முழுவதற்கும் அம்மை குத்த ஆணையிட்டார். அவருடைய முடிவுகளில் மிகச் சிறந்தவற்றுள் இதுவும் ஒன்று. புரூக்ளின் அருகே வாலபவுட் விரிகுடாவில் நிறுத்தப்பட்டிருந்த ‘ஜெர்சி’ முதலான சிறைக்கப்பல்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை, களச்சாவுகளைவிட மிகுதி என்று கருதப்படுகிறது.

அடிமைகளும் பூர்வகுடிகளும் யார் பக்கம் நின்றனர்?

தத்தம் விடுதலை எந்தப் பக்கம் கிடைக்கும் என்று தோன்றியதோ, அந்தப் பக்கம். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரரிடமிருந்து தப்பி வந்து தம் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். போர் முடிவில் ஏறத்தாழ 3,000 கறுப்பர்கள் நியூயார்க்கிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றனர். அமெரிக்கர் தரப்பிலும் ரோட் தீவின் முதல் படைப்பிரிவு போன்றவற்றில் கறுப்பர்கள் போரிட்டனர். ஈரோகுவாய் இனக்குழுக்கள் இரண்டாகப் பிளவுபட்டன. 1779இல் ஜெனரல் சல்லிவன், வாஷிங்டனின் ஆணைப்படி அவர்களுடைய 40க்கும் மேற்பட்ட ஊர்களையும் விளைந்த சோளக் கொல்லைகளையும் எரித்தார். விடுதலைக்காக நடந்த போரில் இது மறைக்கக்கூடாத கறை.

இறுதி உடன்படிக்கையில் யாருக்கு என்ன கிடைத்தது?

1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையால் 13 மாநிலங்களின் சுதந்திரத்தைப் பிரிட்டன் ஏற்றது. மேற்கே மிசிசிப்பி ஆறு வரையிலான நிலம், அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளை ஒரு சொல்லும் கேட்காமல், புதிய நாட்டுக்கு அளிக்கப்பட்டது. புளோரிடா ஸ்பெயினுக்குத் திரும்பியது. இந்தப் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கும் திருகோணமலை டச்சுக்காரருக்கும் மீண்டும் கிடைத்தன. நாகப்பட்டினம் மட்டும் ஆங்கிலேயரிடமே நிலைத்தது. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானுடன் போரிட்டு, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியே சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் அடங்கிய பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனியின் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்.